சொந்தமாக எழுதிய கோ எஞ்சின்: 8 த்ரெட் போட்டும் பலம் ஏறவில்லை, எங்கே கை வைப்பது?

கறுப்புக்கல் (அல்சூர், பெங்களூரு)
சனி, இரவு 10.52

வணக்கம். கோ (19×19 கோட்டுப் பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம்) ஆடும் எஞ்சின், அதாவது ஆடும் புரோகிராம் ஒன்றை சி++-ல் எழுதி வருகிறேன். மரத் தேடல், அதாவது அடுத்தடுத்த நகர்வுகளைக் கிளைகிளையாக ஆராயும் பகுதி, முழுக்க என் கையால் எழுதியது. நிலையைப் பார்த்து நல்ல நகர்வையும் வெற்றி வாய்ப்பையும் கணிக்கும் நியூரல் நெட்வொர்க் சிறியதுதான்: 10 பிளாக் (லேயர்களின் தொகுதி), 128 சேனல். மனிதர்கள் ஆடிய ஆட்டப் பதிவுகளை வைத்துப் பயிற்சி கொடுத்தேன். ஓனிக்ஸ் ரன்டைம் (நெட்வொர்க்கை ஓட்டும் மென்பொருள்) வழியாக லேப்டாப்பில் ஓடுகிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. ராம் 8 ஜிபி.

பிரச்சினை இது. ஒரு த்ரெட்டிலிருந்து (இணையாக ஓடும் வேலைச்சரடு) 8 த்ரெட்டுக்குப் போனால் வினாடிக்குக் கிடைக்கும் பிளேஅவுட் (மரத்தில் ஒருமுறை இறங்கி ஒரு நிலையை மதிப்பிடுவது) இரண்டு மடங்குதான் ஆகிறது. ஜிபியு மீட்டர் பாதிக்கு மேல் ஏறுவதே இல்லை. அதைவிட உறுத்தும் விஷயம்: இரண்டு பதிப்புக்கும் ஒரே எண்ணிக்கை பிளேஅவுட் கொடுத்து மோதவிட்டால் 8 த்ரெட் பதிப்பு தோற்கிறது. அதே நெட்வொர்க், அதே எண்ணிக்கை, ஆனால் பலம் குறைவு.

எதற்காக என்றால், ஞாயிறு காலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கப்பன் பார்க்கில் கோ ஆடுகிறார்கள். அவர்கள் எஞ்சினோடு ஆட வேண்டும். அன்று ஆடிய ஆட்டங்களை எஞ்சின் அலசி, எந்த நகர்வில் ஆட்டம் கைமாறியது என்று அன்றிரவே சொல்லவும் வேண்டும். மழைக்காலத்தில் சாயங்காலம் கரண்ட் நிலையாக இருக்காது. வீட்டு இன்வெர்ட்டர் பெரிய டெஸ்க்டாப்பைத் தாங்காது. கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இல்லை. இந்த லேப்டாப்பிலிருந்தே எவ்வளவு கறக்க முடியும் என்பதுதான் கேள்வி.

கேட்டாகோவும் (இலவசமாகக் கிடைக்கும் பலமான கோ எஞ்சின்) இதே மெஷினில் இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சொந்தமாக எழுதுகிறேன். அதனால் "அதையே ஓட்டுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.


பழைய சி கை (ஜெயநகர்)
ஞாயிறு, காலை 6.15

தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். யூகத்தில் எதையும் மாற்றாதீர்கள். பெர்ஃப் (புரோகிராமின் நேரத்தை அளக்கும் கருவி) ஓட்டி, நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

பலகைப் பகுதியில் நான் முதலில் பார்க்கும் இடங்கள் இவை. பலகையை வெக்டருக்குள் வெக்டராக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நான்கு பக்கமும் ஒரு வரிசை எல்லை சேர்த்து 21×21, அதாவது 441 கட்டம், ஒரே நேர்கோட்டு அரே. கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் 7 கேஷ் லைனுக்குள் (சிபியு ஒரே தடவையில் எடுக்கும் நினைவகத் துண்டு) மொத்தப் பலகையும் அடங்கிவிடும். ஓரம் தாண்டிவிட்டோமா என்ற சோதனை ஒவ்வொரு அண்டைக் கட்டத்துக்கும் தேவைப்படாது.

ஹாஷுக்கு, அதாவது நிலையை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, ஸோப்ரிஸ்ட் முறை. 1970-ல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் எழுதிய அறிக்கையில் வந்தது. முதன்முதலில் கோ ஆடும் புரோகிராம் எழுதியவர்களில் அவர் ஒருவர் என்பது நம் ஆட்டக்காரர்கள் பலருக்குத் தெரியாது. 361 புள்ளி, இரண்டு நிறம், ஆக 722 ரேண்டம் எண்கள், ஒவ்வொன்றும் 64 பிட். கல் வைத்தாலும் ஒரு எக்ஸ்ஓஆர் (பிட்களைப் புரட்டும் கணக்கு), எடுத்தாலும் அதே எக்ஸ்ஓஆர். ஒவ்வொரு நகர்வுக்கும் பலகையை முதலிலிருந்து ஹாஷ் போடுபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

லிபர்ட்டி (குழுவைத் தொடும் காலிப் புள்ளி) எண்ணுவதற்குப் போலி லிபர்ட்டி முறை. ஒரு காலிப் புள்ளி ஒரே குழுவின் இரண்டு கற்களைத் தொட்டால் இரண்டு முறை எண்ணிவிடுங்கள், தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். பூஜ்யம் ஆனால் பிடிபட்டது என்று அர்த்தம். அது எப்போதும் சரியாக இருக்கும். அட்டாரியைக் (ஒரே ஒரு லிபர்ட்டி மிஞ்சிய நிலை) கண்டுபிடிக்க, அந்தக் காலிப் புள்ளிகளின் வரிசை எண்களின் கூட்டுத்தொகையையும் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பெருக்கல் வர்க்கக் கூட்டு, கூட்டுத்தொகையின் வர்க்கத்துக்குச் சமமாக இருந்தால் எல்லாமே ஒரே புள்ளி. குழு அட்டாரியில் இருக்கிறது. லூப் எதுவும் இல்லாமல் விடை வந்துவிடும்.

மரத்தில் ஒரு நோடை (ஒரு நிலையை) விரிக்கும்போது 362 குழந்தை நோடுகளையும் (361 புள்ளி, ஒரு பாஸ்) அப்போதே உருவாக்குகிறீர்களா? பாலிசி எண்களை (ஒவ்வொரு நகர்வுக்கும் நெட்வொர்க் தரும் வாய்ப்பு) மட்டும் அரேயில் வைத்துக்கொண்டு, உண்மையில் போய்ப் பார்க்கும் குழந்தையை மட்டும் உருவாக்குங்கள். பெரும்பாலானவற்றை ஒருபோதும் தொடப்போவதில்லை.


மைதிலி (எச்எஸ்ஆர் லேஅவுட்)
ஞாயிறு, காலை 9.40

சார் சொன்ன எல்லாம் சரி. ஆனால் ரேண்டம் பிளேஅவுட் காலத்தில்தான் அது உயிர்நாடி. 2006-ல் க்ரேஸி ஸ்டோன், அடுத்து மோகோ என்ற எஞ்சின்கள் வந்த காலத்தில் ஒரு பிளேஅவுட் என்றால் நூற்றுக்கணக்கான நகர்வுகளை ஆட்டம் முடியும்வரை ஆடிப்பார்ப்பது. அங்கே பலகை வேகம்தான் எஞ்சின் வேகம். நெட்வொர்க் வந்தபிறகு கணக்கு மாறிவிட்டது. போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பிளாக்கில் இரண்டு 3×3 கன்வல்யூஷன் (அண்டைப் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிடும் லேயர்). 361 புள்ளி × 9 × 128 × 128 × 2 × 10 பிளாக். சுமார் 106 கோடி பெருக்கல்-கூட்டல், ஒரே ஒரு நிலையை மதிப்பிட. (20 பிளாக், 256 சேனல் என்றால் 850 கோடி, சரியாக 8 மடங்கு.) பலகையில் ஒரு நகர்வு வைக்க அதிகபட்சம் சில ஆயிரம் கணக்கு. நீங்கள் பலகையைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் கடிகாரத்தில் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1650-ன் உச்ச வேகம் எஃப்பி32-ல் (32 பிட் தசம எண்) வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கோடி கணக்கு. பெருக்கல் ஒன்று, கூட்டல் ஒன்று என எண்ணினால் ஒரு நிலைக்கு 212 கோடி. வகுத்தால் வினாடிக்கு 1400 நிலைகள். விநோகிராட் மாதிரிப் பெருக்கல்களைக் குறைக்கும் தந்திரம் இல்லாமல் நேராகக் கன்வல்யூஷன் செய்தால் இதுதான் கூரை. பாதியை எட்டினாலே நல்ல வேலை. நீங்கள் எட்டியிருப்பது எவ்வளவு என்று சொல்லுங்கள்.

என் சந்தேகம், ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனியாக ஒரு நிலையை ஜிபியுவுக்கு அனுப்புகிறது, அதாவது பேட்ச் (ஒரே வீச்சில் அனுப்பும் தொகுதி) 1. அத்திப்பள்ளியிலிருந்து ஓசூருக்குப் போகும் ஷேர் ஆட்டோ ஒரே ஒரு ஆளோடு புறப்படுவது போல: பெட்ரோல் அதேதான், இருக்கை காலி. அத்தனை சிறிய வேலையில் ஜிபியுவின் பெரும்பகுதி சும்மா நிற்கும், ஒவ்வொரு லேயருக்கும் கெர்னலைக் (ஜிபியுவில் ஓடும் சிறு புரோகிராம்) கிளப்பும் செலவு மட்டும் முழுதாக விழும். த்ரெட்கள் நிலைகளை ஒரு க்யூவில் போடட்டும். தனி ஒரு த்ரெட் அதைத் திரட்டி 8 அல்லது 16-ஆக ஒரே வீச்சில் அனுப்பட்டும். கேட்டாகோவும் இப்படித்தான் செய்கிறது.


கறுப்புக்கல்
ஞாயிறு, மதியம் 2.05

ஜிபியுவுக்குப் போவது பேட்ச் 1 தான். ஒரு த்ரெட்டில் கூரையின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. 8 த்ரெட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. இன்று க்யூ எழுதத் தொடங்குகிறேன்.


பழைய சி கை
ஞாயிறு, மாலை 4.30

மைதிலி அம்மா சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் சிபியுவை முழுதாகக் கழித்துவிடாதீர்கள், தம்பி.

8 ஆள் வைத்து 2 மடங்குதான் கிடைக்கிறது என்றால் ஆம்டால் விதியைத் (ஆள் கூட்டினால் வேகம் எவ்வளவு கூடும் என்ற சூத்திரம்) திருப்பிப் போடுங்கள். 2 = 1 ÷ (வ + (1−வ)/8). வ என்பது வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்கும் பங்கு. தீர்த்தால் சுமார் 0.43. உங்கள் நேரத்தில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டிருக்க மற்றவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். ஜிபியு மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு வராது. மரம் முழுவதற்கும் ஒரே மியூடெக்ஸா (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு)? நெட்வொர்க்கைக் கூப்பிடும்போதும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதா?

இன்னொன்று. நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் இன்புட் பிளேன்களைத் (பலகையை எண்களாக எழுதிய தளங்கள்) தயாரிப்பதும் சிபியு வேலை. கேட்டாகோ லேடர் (அட்டாரி மேல் அட்டாரி வைத்துப் படிக்கட்டு போலத் துரத்துவது) வேலை செய்யுமா என்ற விடையை முன்பே தேடி இன்புட்டாகக் கொடுக்கிறது, ஏனெனில் பலகையின் குறுக்கே ஓடும் லேடரைச் சிறிய நெட்வொர்க் தானாகப் படிப்பது கஷ்டம். உங்களுடையதும் அப்படியென்றால், சண்டை மிகுந்த நிலையில் அந்தத் தேடலே நேரத்தைத் தின்னும். அங்கே நான் மேலே சொன்ன போலி லிபர்ட்டி வேலைக்கு வரும்.


கறுப்புக்கல்
ஞாயிறு, இரவு 11.20

சார், மியூடெக்ஸ் அங்கேயேதான் இருந்தது. நோடுக்கு நோடு தனி லாக் ஆக்கி, நெட்வொர்க் கூப்பிடும் நேரத்தில் எதையும் பிடிக்காமல் விட்டேன். க்யூவும் சேர்த்தாயிற்று. ஜிபியு மீட்டர் இப்போது மேலேயே நிற்கிறது. வேகம் பல மடங்கு.

லேடர் பிளேனும் இருக்கிறது. பெர்ஃபில் இப்போது அதுதான் சிபியு பக்கத்தில் முதலிடம். சார் சொன்ன கூட்டு-வர்க்கத் தந்திரத்தை எழுதப்போகிறேன்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரே பிளேஅவுட் எண்ணிக்கையில், இப்போது 16 த்ரெட் ஆக்கிய பதிப்பும் ஒற்றை த்ரெட் பதிப்பிடம் இன்னும் தோற்கிறது.


நொச்சி (இந்திரா நகர்)
திங்கள், காலை 7.50

நான் புரோகிராம் எழுதுபவள் இல்லை, ஆடுபவள். ஒரு கேள்வி: "தோற்கிறது" என்று எத்தனை ஆட்டம் வைத்துச் சொல்கிறீர்கள்?

சமபலமான இரண்டு எஞ்சின்கள் 100 ஆட்டம் ஆடினால் 40-லிருந்து 60 வரை எந்த எண்ணும் வரலாம், அது வெறும் தற்செயல். எலோவில் (ஆட்ட பலத்தை அளக்கும் புள்ளி) சொன்னால் கூட்டியும் கழித்தும் சுமார் 70. 400 ஆட்டத்தில் அது பாதியாகி 35 ஆகும். 1000 ஆட்டம் ஆடினாலும் 20-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நீங்கள் செய்யும் மாற்றங்களில் பல 20, 30 எலோ அளவில்தான் இருக்கும். பத்து ஆட்டம் பார்த்து ஒரு மாற்றத்தை வைத்துக்கொள்வதும் தூக்கிப்போடுவதும் எஞ்சினைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு ஆரம்ப நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள். ஆரம்ப நகர்வுகளை வேறுவேறாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடி எண்ணிக்கையை ஏமாற்றும். கோமி (இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குத் தரும் ஈட்டுப் புள்ளி), விதிமுறை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஜிடிபி (கோ எஞ்சின்களுக்கான பொதுக் கட்டளை மொழி) பேசும் எஞ்சின்களை மோதவிட கோகுய் தொகுப்பில் கருவி இருக்கிறது. 19×19-ல் நேரம் போதாது என்றால் 9×9-ல் முதல் சல்லடை போடலாம். ஆனால் முடிவை 19×19-லும் பார்த்தே ஆக வேண்டும். 9×9-ல் தேடல்தான் ராஜா, பெரிய பலகையில் வடிவம் பற்றிய தீர்ப்புக்கு மதிப்பு கூடுகிறது.

இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: வினாடிக்கு எத்தனை பிளேஅவுட் என்பது பலம் இல்லை. நகர்வுக்கு 5 வினாடி கொடுத்து, எந்தப் பதிப்பு ஜெயிக்கிறது என்பதுதான் பலம்.


மைதிலி
திங்கள், இரவு 9.10

நொச்சி சொன்னதற்குப் பிறகு த்ரெட் கேள்விக்கு வருகிறேன். இது பிழை இல்லை. இணையாகத் தேடுவதன் விலை.

16 த்ரெட்கள் ஒரே நேரத்தில் மரத்தில் இறங்குகின்றன. முதல் த்ரெட்டின் விடை இன்னும் வரவில்லை, எண்கள் மாறவில்லை, அப்படியே விட்டால் மற்ற 15-ம் அதே பாதையில் போய் அதே நிலையைக் கேட்கும். அதைத் தடுக்க வர்ச்சுவல் லாஸ்: இறங்கிப்போகும் பாதையில் ஒவ்வொரு நோடிலும் தற்காலிகமாக ஒரு தோல்வியைப் பதிந்துவிட்டு, விடை வந்ததும் எடுத்துவிடுவது. பேட்ச் நிரம்புகிறது. ஆனால் பின்னால் வரும் த்ரெட்கள், தனியாக இருந்தால் தொடவே தொடாத மூன்றாம் தர, நான்காம் தர நகர்வுகளுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த விசிட்கள் (பிளேஅவுட்டில் ஒரு நிலையைப் போய்ப் பார்ப்பது) வீண். மொத்தம் 200 விசிட் மட்டுமே என்றால் ஒரே நேரத்தில் 16 அந்தரத்தில் தொங்குவது பெரிய பங்கு. 5000 என்றால் உறைக்காது.

கேட்டாகோவின் பெஞ்ச்மார்க் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், அது இதை எண்ணாகவே அச்சிடும். வேகம் இரட்டித்தால் தோராயமாக 250 எலோ கூடுகிறது. கூடுதல் த்ரெட் ஒவ்வொன்றும் 800 விசிட் தேடலில் சுமார் 7 எலோ, 5000 விசிட் தேடலில் சுமார் 2 எலோ குறைக்கிறது. அதன் ஆசிரியர் டேவிட் வூ தன் சோதனைகளிலிருந்து வைத்த தோராயம். அதை வைத்து ஒரு கணக்கு: 800 விசிட்டில் 8-லிருந்து 16 த்ரெட்டுக்குப் போனால் இழப்பு 8 × 7 = 56 எலோ. அதை ஈடுகட்ட வேகம் 2-ன் 56/250 அடுக்கு, அதாவது சுமார் 17 சதவீதம் கூட வேண்டும். உங்கள் ஜிபியு 8-லேயே நிரம்பிவிட்டு 16-ல் 10 சதவீதம்தான் கூடுகிறது என்றால், மீட்டர் அழகாகத் தெரியும், எஞ்சின் பலவீனமாக ஆடும். உங்கள் நெட்வொர்க்குக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் கணக்குப் போடும் வழி இதுதான்.

இழப்பைக் குறைக்க ஒரு வழி: தோல்வியைப் பதியாமல், அந்தரத்தில் இருக்கும் விசிட்களை எண்ணிக்கையில் மட்டும் சேர்ப்பது. நோடின் சராசரி மதிப்பு கெடாது. நகர்வைத் தேர்ந்தெடுக்கும் சூத்திரத்தில் புதிய பக்கம் பார்க்கத் தூண்டும் பகுதி மட்டும் சுருங்கும். நல்ல நகர்வு ஒன்றே ஒன்று இருக்கும் நிலைகளில் இது உதவும்.

ஒரு சோதனையும் போட்டு வையுங்கள். தேடல் முடிந்ததும் மரத்தில் தொங்கும் வர்ச்சுவல் லாஸ் மொத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ எடுக்காமல் விட்டிருக்கிறது.


தாரகை (கல்லூரி மாணவி, ராஜாஜி நகர்)
திங்கள், இரவு 10.35

மைதிலி அக்கா, ஒரு டவுட். அண்ணா ரெண்டு வேலை சொல்றாங்க. பசங்களோட ஆடுறது ஒண்ணு, ஆட்டத்தை அலசுறது ஒண்ணு. அலசும்போது ஒரு ஆட்டத்துல 200 நிலை முன்னாடியே கையில இருக்கு. அப்போ ஒரே நிலைக்குள்ள 16 த்ரெட் விடாம, 16 நிலையை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு த்ரெட் விட்டா? பேட்ச் நிரம்பும், வர்ச்சுவல் லாஸும் தேவையில்லையே?


மைதிலி
திங்கள், இரவு 10.48

அதேதான் தாரகை, இந்த இழையில் இதுவரை வந்ததில் அதிகம் பலன் தரக்கூடியது நீ சொன்னதுதான். கேட்டாகோவில் ஜிடிபி எஞ்சினைத் தவிர அனாலிசிஸ் எஞ்சின் என்று தனியாக ஒன்று இருப்பதற்குக் காரணமே இது. அதில் எத்தனை நிலைகளை ஒரே நேரத்தில், ஒரு நிலைக்கு எத்தனை த்ரெட் என்று இரண்டு எண் தனித்தனியாகக் கொடுக்கலாம். நிலைகள் அதிகம், நிலைக்கு ஒரு த்ரெட் என்று வைத்தால், ஒற்றை த்ரெட்டின் தரம் குறையாமல் பெரிய பேட்சின் வேகம் கிடைக்கிறது.

ஆடும்போது அப்படி முடியாது. பிள்ளை எதிரே காத்திருக்கிறாள். ஒரே நிலை, சில வினாடி. அங்கே த்ரெட் குறைவாக, பேட்ச் சிறியதாக. ஆகவே கறுப்புக்கல், ஒரே அமைப்பை இரண்டுக்கும் வைக்காதீர்கள். இரண்டு கான்ஃபிக் கோப்பு.


கறுப்புக்கல்
புதன், இரவு 11.05

தாரகைக்கு நன்றி. அலசலுக்கு நிலைக்கு ஒரு த்ரெட், ஒரே நேரத்தில் 16 நிலை என்று மாற்றி எழுதினேன். ஞாயிறு ஆட்டங்கள் எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் போலிருக்கிறது. முன்பு விடியும்வரை ஓடியது.

புதிதாக வந்திருக்கும் தொல்லை ராம். மதிப்பீடுகளைச் சேமிக்கும் கேஷ் வைத்தேன். சற்று நேரம் ஓடியதும் லேப்டாப் ஸ்வாப்புக்குள் (ராம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) போய் ஜடமாகிவிடுகிறது.


பழைய சி கை
வியாழன், காலை 6.05

கணக்குப் போடுங்கள். ஒரு மதிப்பீட்டில் பாலிசி மட்டும் 362 எண்கள். எண்ணுக்கு 4 பைட் வீதம் 1448 பைட். பத்து லட்சத்துச் சொச்சம் இடம், அதாவது 2-ன் 20-ம் அடுக்கு வைத்தால் 1.5 ஜிபி. எந்தப் புள்ளி யாருக்குச் சொந்தம் என்ற மதிப்பையும் சேர்த்துச் சேமித்தால் 3 ஜிபி. பிரவுசரும் திறந்திருந்தால் 8 ஜிபியில் மூச்சு முட்டும். 17-ம் அடுக்குக்கு இறக்குங்கள். பாலிசிக்கு 190 எம்பிதான் ஆகும். அலசலில் ஒரு நிலையின் மரத்துக்கும் ஐம்பது நகர்வு தள்ளிய நிலையின் மரத்துக்கும் பொதுவான நிலைகள் குறைவு, அதனால் பெரிய கேஷ் பெரிய லாபம் தராது.

பாலிசியை 16 பிட்டில் சேமித்தால் அதிலும் பாதி. சட்டவிரோத நகர்வுகளைக் கழித்துவிட்டு, மிகச் சிறிய மதிப்புள்ளவற்றையும் விட்டுவிட்டால் இன்னும் குறையும். கேஷைத் தேடும் ஹாஷில் யார் நகர்த்த வேண்டும் என்பதும், கோ தடை (கல்லைப் பிடித்த கல்லை உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது என்ற விதி) எந்தப் புள்ளியில் என்பதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சூப்பர்கோ விதியில் (முன்பு வந்த நிலை மறுபடி வரக் கூடாது) பழைய நிலைகளும் செல்லுபடியைத் தீர்மானிக்கும். கற்கள் ஒரே மாதிரி இருந்தாலும் நிலை ஒன்றல்ல.


தாரகை
வியாழன், மாலை 7.20

ஆடும்போது எதிராளி யோசிக்கிற நேரத்துல எஞ்சின் சும்மாதானே இருக்கு? அப்பவும் தேடினா?


மைதிலி
வியாழன், இரவு 8.02

பாண்டரிங். செய்யலாம். அதற்கு முன்னால் மர மறுபயன்பாடு வேண்டும்: எதிராளி ஆடிய நகர்வின் கீழே இருக்கும் கிளையைத் தூக்கி வேராக வைத்துக்கொண்டு மற்றதை விடுவிப்பது. அது இலவச லாபம். பாண்டரிங் இன்வெர்ட்டரில் ஓடும் லேப்டாப்புக்கு ஏற்றதல்ல. பேட்டரியும் சூடும் சேர்ந்து அடிவாங்கும். பலத்தைச் சோதிக்கும் ஆட்டங்களில் கட்டாயம் அணைத்து வையுங்கள், இரண்டு எஞ்சின்களும் ஒரே ஜிபியுவுக்கு அடித்துக்கொண்டால் முடிவு செல்லாது.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். லேப்டாப் ஜிபியு முதல் நிமிடம் ஓடும் வேகத்தில் கால் மணி நேரம் கழித்து ஓடாது. ஏப்ரல் மாத மதியத்தில் அளந்ததையும் ஜூலை இரவில் அளந்ததையும் ஒப்பிட்டு "என் மாற்றம் வேகம் தந்தது" என்று நினைத்துவிடக் கூடாது. சூடேறி நிலைபெற்ற பிறகு அளவெடுங்கள். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, மறுபடி பழையது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

எஃப்பி16-ஐயும் (16 பிட் தசம எண்) சோதியுங்கள். 1650-ல் டென்சார் கோர் (நெட்வொர்க் கணக்குக்கென்றே உள்ள பகுதி) கிடையாது, ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் வரும் பாய்ச்சலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் மெமரிப் போக்குவரத்து பாதியாகும். மாற்றியபின் சில நூறு நிலைகளில் எஃப்பி32 விடையோடு வெற்றி வாய்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். எங்காவது பெரிதாக விலகினால் ஏதோ ஒரு லேயரில் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிகிறது.


நொச்சி
வெள்ளி, காலை 8.15

எல்லோரும் வேகத்தைப் பேசுகிறோம். எனக்கு நெட்வொர்க்கைப் பற்றிப் பேச வேண்டும்.

2016 மார்ச்சில் சியோலில் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ எஞ்சின் 48 டிபியுவில் (நெட்வொர்க் கணக்குக்கான கூகுள் சிப்) ஓடியது. அடுத்த ஆண்டு வந்த ஆல்ஃபாகோ ஸீரோ ஒரே மெஷினில் 4 டிபியுவை வைத்துக்கொண்டு அதைத் தோற்கடித்தது, 100-க்கு 0. வன்பொருள் குறைந்தது, பலம் ஏறியது. மாறியது நெட்வொர்க்கும் அதைப் பயிற்றுவித்த விதமும். 2019-ல் கேட்டாகோ கட்டுரையிலும் இதுதான்: ஃபேஸ்புக்கின் ஈஎல்எஃப் எஞ்சின் இரண்டு வாரம் ஆயிரக்கணக்கான ஜிபியு எடுத்துக்கொண்ட பலத்தை 30-க்கும் குறைவான ஜிபியுவில் 19 நாளில் தாண்டினார்கள். மனித ஆட்டங்களில் மட்டும் பயின்ற சிறிய நெட்வொர்க்கின் மேல் எவ்வளவு தேடினாலும் ஓர் அளவுக்கு மேல் போகாது. கேட்டாகோ திட்டத்தின் தன்னாட்டப் பதிவுகள் (எஞ்சின் தன்னோடு தானே ஆடியவை) பொதுவில் கிடைக்கின்றன. அதே 10×128 அளவை அவற்றில் மறுபடி பயிற்றுவித்தால், புரோகிராமில் ஒரு வரி மாற்றாமல் நீங்கள் ஏறும் படி இதுவரை செய்த எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

அறிவின் ஓட்டையை வேகம் முழுக்க அடைக்காது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் கேட்டாகோவையே தோற்கடிக்கப் பயிற்றுவித்த எஞ்சின், வளையமாகச் சுற்றிப் பின்னிய பெரிய குழு சாகப்போவதை அது காணாமல் விடுகிறது என்று கண்டுபிடித்தது. மறு ஆண்டு கெலின் பெல்ரின் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் அதே வழியில் உச்ச எஞ்சினை 15-ல் 14 ஆட்டம் வென்றார். மனிதனைத் தாண்டிய அளவு தேடலைக் கொடுத்தும் அந்தக் குருட்டுப்புள்ளி மறையவில்லை. பிள்ளைகளின் ஆட்டத்தை அலசும்போது இப்படிப்பட்ட வளையக் குழு வந்தால் எஞ்சின் சொல்வதை அப்படியே அனுப்பாதீர்கள், நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.


பழைய சி கை
வெள்ளி, மாலை 5.40

நொச்சி அம்மா, நெட்வொர்க் முக்கியம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் தம்பி கேட்டது உள்ளே என்ன நடக்கிறது என்று. லாக் எங்கே என்று கண்டுபிடித்தவனுக்குத்தான் நாளை பெரிய நெட்வொர்க் கொடுத்தாலும் ஓட்டத் தெரியும். இரண்டும் வேண்டும். வரிசையில் மட்டும் எனக்கு வேறு கருத்து: முதலில் குழாயைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பயிற்சி. நெட்வொர்க்கை மாற்றியபின் ஒவ்வொரு அளவையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அளவெடுக்கும் ஏற்பாடு முன்பே தயாராக இருக்கட்டும்.


நொச்சி
வெள்ளி, இரவு 9.25

வரிசையை ஒப்புக்கொள்கிறேன் சார். அளவெடுக்கும் ஏற்பாடுதான் முதலில்.


கறுப்புக்கல்
ஞாயிறு, இரவு 10.15

இன்றைய நிலவரம். ஆடும் கான்ஃபிக்: 6 த்ரெட், விசிட் எண்ணிக்கையை மட்டும் கூட்டும் முறை, மர மறுபயன்பாடு, பாண்டரிங் இல்லை. 8-க்கும் 12-க்கும் போய்ப் பார்த்தேன். வேகம் மைதிலி சொன்ன எல்லைக்குக் கீழேதான் கூடியது, அதனால் 6-ல் நிறுத்தினேன். அலசும் கான்ஃபிக்: 16 நிலை, நிலைக்கு ஒரு த்ரெட், கேஷ் 17-ம் அடுக்கு. எஃப்பி16 ஓடுகிறது, விடைகள் ஒத்துப்போகின்றன. லேடர் தேடல் பெர்ஃப் பட்டியலில் கீழே இறங்கிவிட்டது.

பழைய 8 த்ரெட் பதிப்போடு நகர்வுக்கு 5 வினாடி ஆட்டத்தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. 9×9-ல் வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லை. 19×19-ல் ஆட்டம் நீளம், மெதுவாகத்தான் சேர்கிறது. கரண்ட் போனால் தொடர் அறுந்துபோகிறது என்பதுதான் ஒரே இடைஞ்சல். அறுந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கலாமா, விட்டுவிடலாமா?


நொச்சி
ஞாயிறு, இரவு 10.40

அறுந்ததை விட்டுவிடுங்கள், நிறம் மாற்றிய அதன் ஜோடி ஆட்டத்தையும் சேர்த்து. ஜோடியில் ஒன்றை மட்டும் எண்ணினால் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எஸ்ஜிஎஃப்-ஐயும் (ஆட்டப் பதிவுக் கோப்பு) முடிவையும் உடனே டிஸ்க்கில் எழுதிவிட்டால், கரண்ட் வந்ததும் விட்ட ஜோடியிலிருந்து தொடரலாம். 400 தாண்டும்வரை முடிவைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.


மைதிலி
ஞாயிறு, இரவு 10.58

இன்வெர்ட்டரில் ஓடும்போது லேப்டாப் தானாகப் பவர் சேவிங்குக்குப் போய் ஜிபியு வேகத்தைக் குறைக்கும். நேரம் வைத்து ஆடும் தொடர் அந்த இடைவெளியில் ஓடினால் இரண்டு பதிப்பும் குறைந்த விசிட்டில் ஆடிய ஆட்டங்களாகிவிடும். ஒவ்வொரு நகர்வுக்கும் எட்டிய விசிட் எண்ணிக்கையைப் பதிவுக் கோப்பில் எழுதுங்கள். பாதிக்குக் கீழே விழுந்த ஆட்டங்களைப் பிறகு பிரித்தெடுக்கலாம். கேட்டாகோ பதிவுகளை இறக்கத் தொடங்கியதும் சொல்லுங்கள், பயிற்சி ஸ்கிரிப்டை நானும் கூட இருந்து பார்க்கிறேன்.